ஒரு சீட்டில் இரண்டு உடம்பு

"நாளைக்கு நானும் வர்றேன்ல, வந்து சொல்லிடறேன், அந்தச் சக்கரை வியாதி என்னுதுன்னு..."

"சொல்லு. நல்லா சொல்லு. ஏழு வருஷமா..."

"...மூச்சு இரைக்கிறது என்னுது, முட்டி வீக்கம் என்னுது, வயித்துப் புண்ணும் என்னுதுதான்னு..."

"...கம்பெனி மருந்தைத் திருடித் தின்னோம்னு அதையும் சேர்த்துச் சொல்லு. அதை விட்டுடாதே."

"யாரு திருடி? நான் மடிக்கிற தடுப்பு இல்லாம அவன் குப்பியில ஒண்ணாவது உடையாம போய்ச் சேருமா?"

"மெல்லப் பேசு. சுவரு மெலிசு."

"மெலிசா இருந்தா என்ன. அந்தப் பக்கம் மட்டும் வேற கதையா நடக்குது?"

கணவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கூரைவரை அடுக்கியிருந்த அட்டைக் கட்டுகளில் ஒன்றை இழுத்து அதன்மேல் உட்கார்ந்தார். கண்ணாடிக் குப்பி ஆலையில் உலைக்காரர் அவர். முகத்தின் இடது பாதி வலது பாதியைவிடக் கறுத்துத் தடித்திருந்தது. உலையின் பார்வைத் துளை அந்தப் பக்கம்தான்.

மனைவி தரையில் கால் நீட்டியிருந்தாள். பிளவு வெட்டிய அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து விரித்து அழுத்தினால் பெட்டிக்குள் வைக்கும் தடுப்பு ஆகிவிடும். கட்டத்துக்கு ஒரு குப்பி. விரல் கணுக்கள் புடைத்துப் போனதிலிருந்து அவள் விரலால் அழுத்துவதில்லை, உள்ளங்கையின் அடியால்தான். மடிக்க மடிக்க அட்டைத் தூள் பறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்து, திரும்பவும் அவள்மேலேயே படிந்தது. அறையில் படுக்க இருந்த இடம் ஒருவர் அகலம். மற்றதெல்லாம் ஆலையின் அட்டை.

"மேஸ்திரி என்னதான் சொன்னாரு? சரியாச் சொல்லுங்க."

"மருந்தகத்துக்கு வா, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வான்னாரு. பர்சனல் ஆபீசர் பேசணுமாம்."

"பேசி?"

"என்னை உலையை விட்டு எடுக்கப் போறாங்க. வேற எதுக்கு? நோய்க் கணக்குல எட்டுப் புள்ளி வாங்கினவனைக் கூப்பிட்டு மாலையா போடுவாங்க?"

மருந்தகம் ஆலைக்குள்ளேயே இருந்தது. பணியாளுக்கு மருந்து இலவசம். பணியாளின் குடும்பத்துக்குக் கிடையாது. அவள் ஆலைக்குத்தான் தடுப்பு மடித்தாள் என்றாலும், வீட்டிலிருந்து மடிப்பவர்களை ஆலை பணியாளாக எழுதிக்கொள்வதில்லை.

ஒருநாள் மடித்துக்கொண்டிருந்தவள் அட்டைக் கட்டின்மேல் சரிந்துவிட்டாள். வெளியே ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சர்க்கரை என்றார், சிறுநீரகம் என்றார், விட்டால் கால் போகும் என்றார். மாத்திரைக்கே பாதிச் சம்பளம் போயிற்று. அடுத்த மாதம் உலைக்காரர் ஆலை டாக்டர் முன்னால் போய் நின்று, "ஒரு மாதிரி தலை சுத்துதுங்க, வெளியில காட்டினேன், சக்கரைன்னு சொல்றாங்க," என்றார். ஆலை டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். ஒரே ஒரு தடவைதான் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

அதன்பிறகு அவளுக்கு எது வந்தாலும் அவர் பெயரில்தான் வந்தது. மருந்தகத்துக்குப் போகும் நாளுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"எப்படின்னா? வலிக்குது."

"வலிக்குதுன்னா அவரு எழுத மாட்டாரு. குத்துதா, இழுக்குதா, எரியுதா?"

"எழுந்திருக்கிறப்ப முட்டி மரக்கட்டையா இருக்கு. நடக்க நடக்கத்தான் விடுது."

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான். நீங்க ஒண்ணு போதும்னு சொல்லிடாதீங்க, மருந்தைப் பாதியாக் குறைச்சிடுவாரு."

ஒருமுறை சிறுநீர் கேட்டார்கள். அவளுடையதை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, சூடு ஆறாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லவேளை எனக்கு வயசாயிடுச்சு. சின்ன வயசா இருந்தா உங்களுக்கு எத்தனாவது மாசம்னு கேட்டிருப்பாங்க."

"சிரி, சிரி. அங்க நடுங்கிக்கிட்டு நிக்கறவன் நானு."

ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசை வீடுகளில் மருந்தகத்துக்குப் போகும் ஆண்களில் பாதிப் பேர் இடுப்பை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் போனார்கள்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி செய்பவள், இளவயது. தொழிலாளிகள் அவளைக் கணக்குப் பெண் என்றார்கள். ஒருவரைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பழக்கம் அவளுக்கு இருந்தது. அதனாலேயே எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. ஆலை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டுகளை எல்லாம் வாங்கிப் படித்து, ஆளுக்கு ஒரு எண் போட்டாள். உலைக்காரருக்கும் உட்காரவைத்து விளக்கினாள்.

"ஒரு நோய் இருக்கறவரையும் அஞ்சு நோய் இருக்கறவரையும் நோயாளின்னு ஒரே பேர்ல எண்ணினா தப்பாயிடும் அய்யா. அஞ்சும் சேர்ந்து ஒரு உடம்பை எவ்வளவு அழுத்துதுன்னு பார்க்கணும். அதுக்காக ஒவ்வொரு நோய்க்கும் ஒரு புள்ளி. கடுமையானதுன்னா ரெண்டு. வயசுக்கும் ஒண்ணு. கூட்டினா பாரம் தெரியும்."

"மூட்டை தூக்கறப்ப எடை போடற மாதிரி."

"அதே மாதிரிதான் அய்யா."

"எனக்கு எத்தனை?"

"எட்டு." சொல்லிவிட்டு அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க எப்படித் தினமும் வேலைக்கு வர்றீங்க?"

அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. பொய் சொல்லி ஒரு பிள்ளையிடம் இரக்கம் வாங்கியதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "என்னைத்தான் கேட்டிருக்குது அந்தப் பொண்ணு. நல்ல பொண்ணு," என்றாள்.

வேறு யாருக்கும் அவ்வளவு வரவில்லை. ஆலையில் எட்டு என்றே அவருக்குப் பெயர் ஆயிற்று. "எட்டு வர்றாரு, வழி விடுங்கப்பா, காத்து பட்டா விழுந்துடுவாரு." "எட்டண்ணே, ஒம்பதாவதுக்கு ஏதாவது பார்த்து வெச்சிருக்கீங்களா?" அவரும் சேர்ந்து சிரித்தார். உலை வாயில் நின்று இரும்புக் கோலை இழுக்கும்போது அவர் தோளைப் பார்த்த யாருக்கும் அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

"கண்ணைச் சொன்னீங்களா அந்தப் பொண்ணுகிட்ட?" என்று இப்போது கேட்டாள் மனைவி.

"கண்ணுக்கு என்ன?"

"எனக்கே கதை சொல்றீங்க பாருங்க. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தா தலையை முழுசாத் திருப்பித்தானே பார்க்கறீங்க."

அவருடைய இடது கண்ணில் பால் சிந்தினாற்போல ஒரு மங்கல் படர்ந்திருந்தது. துளை வழியாகக் கண்ணாடிக் குழம்பின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது. முதலில் விளிம்பில் இருந்தது, இப்போது நடுவுக்கு வந்துவிட்டது.

"கண்ணைச் சொன்னா அன்னைக்கே உலையை விட்டு எறக்கிடுவான். அப்புறம் உன் மாத்திரை?"

அவள் ஒரு தடுப்பை அழுத்தினாள். அது சரியாக விரியவில்லை. திரும்பப் பிரித்துக் கோத்தாள்.

"நாளைக்கு நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா வேலையிலயாவது விட்டுவைப்பாங்க. என்னை நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்பே?"

"பார்த்துப்பேன்."

மறுநாள் மருந்தகத்து வாசலில் மருந்து வாங்கும் வரிசை சுவரை ஒட்டி நின்றது. எட்டைப் பார்த்ததும் யாரும் கேலி பேசவில்லை. அதிலிருந்தே விஷயம் ஆலை முழுக்கப் பரவிவிட்டது அவருக்குத் தெரிந்தது. வரிசையில் பெட்டி அடுக்குபவன் நின்றிருந்தான். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான்.

"என்னக்கா, நீங்களும் வந்துட்டீங்க?"

"கூப்பிட்டாங்கப்பா. உனக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா. ராத்திரியில ஜுரம், இருமல்."

இருமல் அவனுடையதல்ல, அவன் மனைவியுடையது என்று அவளுக்குத் தெரியும். சுவர் வழியாகத் தினம் கேட்பதுதான். அவனுடைய வலது கை சட்டைக்கு மேலாக இடுப்பைப் பொத்தியிருந்ததை அவள் பார்த்தாள். அவனுக்கு முன்னால் நின்றவனும் அப்படியே நின்றிருந்தான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் டாக்டரும் பர்சனல் ஆபீசரும் இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் கணக்குப் பெண். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஆபீசர் உட்காரச் சொல்லாததால் இவர்கள் உட்காரவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான் கூப்பிட்டோம்," என்றார் ஆபீசர். "இவ்வளவு நோயை வெச்சுக்கிட்டு உலை முன்னாடி நின்னா என்னைக்காவது ஒருநாள் உள்ளேயே விழுந்துடுவீங்க. நாளைக்கு உங்க வீட்டம்மா வந்து என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் சார். ஒருநாள் லீவு போட்டதில்ல."

"டாக்டர் சொல்லுங்க."

டாக்டர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஆராய்ச்சிக்காகப் போன மாதம் எல்லாரிடமும் இரத்தம் எடுத்திருந்தார்கள். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "சக்கரை சரியா இருக்கு. கிட்னி அளவு சரியா இருக்கு. ஏழு வருஷமா நான் எழுதற மருந்து. இந்த அளவுக்குக் கட்டுக்குள்ள வெச்சிருக்கற ஆளை நான் பார்த்ததேயில்ல."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைதானே டாக்டர்? வேலையில இருக்க விடச் சொல்லுங்க."

"மருந்து சாப்பிடறதாலதான் ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. நிறுத்தினா எல்லாம் திரும்ப வந்துடும்."

"நோய் இல்லேன்னு நீங்களே சொல்றீங்களா?" ஆபீசர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நல்லாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். ஆனா நோயே இல்லாதவரு ஏழு வருஷமா மருந்து எதுக்கு வாங்கினீங்க, வாங்கி யாருக்கு வித்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும். அது என் கேள்வி இல்ல, போலீஸ் கேள்வி. எப்படி வசதி?"

உலைக்காரர் தரையைப் பார்த்தார். மனைவி ஓரடி முன்னால் வந்தாள். வீட்டிலிருந்து கோத்துக்கொண்டு வந்த வாக்கியம் அவள் வாயில் இருந்தது.

"அய்யா, அந்தச் சக்கரை வந்து..."

ஜன்னலுக்கு வெளியே வரிசை தெரிந்தது. சுவரோரம் இடுப்பைப் பொத்திய கைகள். இவள் ஒருத்தி வாயைத் திறந்தால் அத்தனை சட்டையையும் தூக்கிப் பார்ப்பார்கள்.

"சக்கரை வந்து?" என்றார் ஆபீசர்.

"எப்பவும் இந்த அளவுக்குத்தான் இருக்குங்களான்னு கேட்க வந்தேன்."

டாக்டர் சிரித்தார். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாரா வீட்ல?"

"ஒரு வேளை தவறினதில்லைங்க," என்றாள். அதில் பொய் இல்லை.

கையெழுத்துப் போடவேண்டிய தாள்கள் இருந்தன. பெண்கள் வெளியே இருக்கட்டும் என்றார் ஆபீசர். கணக்குப் பெண் அவளைக் கையைப் பிடித்து நடைவழிப் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, நான் யார் பேரையும் கொடுக்கலை. வயசு, எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி, அவ்வளவுதான் என் அறிக்கையில இருந்துச்சு."

"உலையில அந்த வயசுக்கு இவரு ஒருத்தருதான் கண்ணு."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தப் புள்ளி யாரை முதல்ல கவனிக்கணும்னு கண்டுபிடிக்கத்தான் அம்மா. வேலையை விட்டு எடுக்க இல்ல."

"ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"ஒருத்தர் நோயை இன்னொருத்தர் பேர்ல எழுதியிருந்தா உன் கணக்கு என்ன ஆகும்?"

"அப்படி எழுத மாட்டாங்களே. எதுக்கு..." என்று தொடங்கிய பெண்ணால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். கணுக்கள் ஒவ்வொன்றும் புடைத்து விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் மூச்சு விடுவதைப் பெண் இப்போதுதான் கேட்டாள். பெஞ்சுவரை நடந்ததற்கே அது இரைந்துகொண்டிருந்தது.

"எத்தனை வீட்ல?" பெண்ணின் குரல் இறங்கிப் போயிற்று.

"நீ கேட்காதே. கேட்டா எழுதணும்."

"எழுதணும்தான்."

"எழுதினா?"

எழுதினால் என்ன ஆகும் என்பது பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. மடியில் இருந்த பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். போட்ட பிறகும் கை பைக்குள்ளேயே இருந்தது.

"நீங்க தனியா ஒரு ஆஸ்பத்திரியில காட்டிக்கலாமே அம்மா. உங்களையும் எண்ணிப் பார்த்தா..."

"என்னை எப்படி எண்ணுவே? நான் ஆலையிலயே இல்லையே."

கதவு திறந்தது. உலைக்காரர் கையில் ஒரு மாதத்து மாத்திரை இருந்த பொட்டலம். வேலை போனவருக்குக் கடைசிப் பொட்டலம், டாக்டர் தன் பொறுப்பில் கொடுத்தது. வாசலில் இடது பக்கம் ஒரு படி கூடுதலாக இருந்தது. அதைப் பார்க்காமல் கால் வைத்துத் தடுமாறினார். சுவரைப் பிடித்து நின்றார். பொட்டலத்தை மட்டும் விடவில்லை.

"என்னாச்சு அய்யா?" கணக்குப் பெண் ஓடிவந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க கண்ணு..."

"உலை பார்த்த கண்ணும்மா. அப்படித்தான் இருக்கும்."

"சீட்டுல இது இல்லையே. டாக்டர்கிட்ட சொல்லவேயில்லையா?"

"போறப்பெல்லாம் சொல்ல வேற நிறைய இருந்துச்சு," என்றார்.

"சொல்லியிருந்தா எத்தனை புள்ளி போட்டிருப்பே?" என்று கேட்டாள் மனைவி.

பெண் பையிலிருந்து தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமான தாள்தான். இருந்தும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"இதுல கண்ணுக்கு இடம் இல்லை அய்யா."

"நல்லதாப் போச்சு. எட்டே போதும்," என்றார் உலைக்காரர்.

உள்ளிருந்து பர்சனல் ஆபீசர் வெளியே வந்தார். வரிசையைப் பார்த்துச் சத்தமாக, எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னார். "அடுத்த வாரத்திலிருந்து மாசா மாசம் எல்லாருக்கும் புள்ளி போடப் போறோம். பயப்பட ஒண்ணும் இல்ல. உங்க நல்லதுக்குத்தான். இப்ப என்ன நோய் இருந்தாலும் தைரியமா டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் உள்ளே போனதும் வரிசையில் முன்னால் நின்றவன் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு நடந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பின்னாலிருந்தும் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரோரம் வரிசை இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. கம்பவுண்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "யாரும் இல்லையா?" என்று கேட்டார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

பெட்டி அடுக்குபவன் மட்டும் போகவில்லை. சாக்கடை ஓரமாகப் போய், முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடுப்பிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தான். இந்த ஆலையில் செய்த குப்பிதான். மூடியைத் திருகிக் கவிழ்த்தான். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. சிமெண்டில் மெல்லிசாகப் பரவிச் சாக்கடையில் இறங்கியது. குப்பியைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

உலைக்காரரின் மனைவி அவன் பின்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. அது கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஏம்ப்பா, அவ இருமலை இனிமே யாரு வந்து சொல்றது?"